கியர் பாக்ஸை இறக்குவதா, விடுவதா?

பழைய கார் வைத்திருப்பவர்களிடமிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: “கியர் பாக்ஸ் ஓவர்ஹால் பண்ணணும்னு மெக்கானிக் சொல்றார், பண்ணலாமா?” அதனால் இந்த இதழ் முழுக்கக் கியர் பாக்ஸுக்கே.

என்னிடம் 1978 அம்பாசடர் மார்க் 3 இருக்கிறது. கியர் போடும்போது கரகரவென்று சத்தம். பாக்ஸை இறக்கி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். வேறு வழி இல்லையா?
– வாசகர், காரைக்குடி

எந்தக் கியரில் சத்தம் என்று நீங்கள் எழுதவில்லை. மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது.

இந்தப் பரிசோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் சூடான பிறகு சமதரையில் நிறுத்தி ஐடிலில் ஓட விடுங்கள். கிளட்சைத் தரைவரை அழுத்தி, மனதுக்குள் பத்து எண்ணி, ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்குச் சின்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமன்செய்து சத்தமில்லாமல் பூட்டவைக்கும் அமைப்பு) கிடையாது. உள்ளே ஷாஃப்ட் நின்றிருந்தால் மட்டுமே சத்தமில்லாமல் விழும். பத்து எண்ணிய பிறகும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள். குற்றவாளி பாக்ஸுக்கு வெளியே இருக்கிறான்: பெடலில் அதிக வெற்று ஆட்டம், லிங்கேஜில் (பெடலை கிளட்சோடு இணைக்கும் கம்பிகளில்) தேய்ந்துபோன இணைப்பு ஆணி, ஹைட்ராலிக் வண்டியானால் மாஸ்டர் அல்லது ஸ்லேவ் சிலிண்டரில் கசிவு, எஞ்சின் ஆயில் பட்டு ஒட்டிக்கொள்ளும் கிளட்ச் தட்டு.

எளிதில் யாருக்கும் தோன்றாத இன்னொன்றும் உண்டு. கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் இருக்கும் சின்ன வெண்கல புஷ்தான் அது. பாக்ஸின் முன் ஷாஃப்ட் நுனி இதற்குள் உட்கார்ந்திருக்கும். புஷ் காய்ந்து பிடித்துக்கொண்டால், கிளட்சை அழுத்தியும் எஞ்சின் அந்த ஷாஃப்ட்டை இழுத்துக்கொண்டே சுற்றும், எல்லாக் கியரும் முனகும். இந்தச் சின்ன புஷ்ஷுக்காகப் பாக்ஸ் முழுவதையும் பிரித்துப்போட்ட ஒர்க்‌ஷாப்புகள் உண்டு. கிளட்ச் வேலைக்கு எப்போது பாக்ஸை இறக்கினாலும் இந்த புஷ்ஷை மாற்றிவிடுங்கள். புதியதை ஒரு ராத்திரி எஞ்சின் ஆயிலில் ஊறப்போட்டு அடிக்க வேண்டும்.

ரிவர்ஸ் அமைதியாக விழுந்து, ஓடும்போது இரண்டாவதிலோ மூன்றாவதிலோ மட்டும் கரகரத்தால், அப்போது பித்தளைச் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் இரண்டாவதுதான் முதலில் போகும். டவுன் ஓட்டத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி இறக்கி அதற்குத்தான் அதிக உழைப்பு. முதல் கியர் கரகரப்பதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். உங்கள் வண்டியில் முதல் கியருக்குச் சின்க்ரோ பிறவியிலேயே இல்லை. வண்டி முழுதாக நின்ற பிறகு, இரண்டாவதை ஒருமுறை தொட்டுவிட்டு முதலுக்குத் தள்ளுங்கள். உருளும் வண்டியில் முதலைத் திணித்தால் பல்லின் முன்விளிம்பு உடைந்து, அந்தத் துணுக்கு மற்ற பற்களுக்கிடையே போய்ச் சேரும்.

தேய்ந்த ரிங்கோடு காலம் தள்ளலாமா? தாராளமாக. கிளட்ச், நியூட்ரல், கிளட்சை விட்டு லேசாக ஆக்சிலேட்டர், மறுபடி கிளட்ச், கியர் என்று இரட்டைக் கிளட்ச் போட்டு ஓட்டினால் ரிங்குக்கு வேலையே இல்லை. அந்தக் கால லாரி டிரைவர்கள் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் ஓட்டினார்கள். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டியானால், ரிங்குக்காக மட்டும் பாக்ஸை இறக்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கிளட்ச் தட்டு மாற்றும் நாள் எப்படியும் வரும், அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

1986 பத்மினி. முதல் மூன்று கியரிலும் ஊளையிடுகிறது. டாப் கியரில் பட்டுப்போல ஓடுகிறது. டாப்பில் சரியாக ஓடுவதால் பயமில்லை என்கிறார் நண்பர்.
– வாசகர், திண்டுக்கல்

நண்பர் சொல்வதற்கு நேர்மாறு. டாப் கியரில் முன் ஷாஃப்ட்டும் மெயின் ஷாஃப்ட்டும் நேரடியாகப் பூட்டிக்கொள்கின்றன. கீழே இருக்கும் கவுண்டர் ஷாஃப்ட் சும்மா சுற்றுமே தவிர, பாரம் தாங்காது. ஒன்று, இரண்டு, மூன்றில் எஞ்சினின் முழுச் சக்தியும் அதன் வழியாகத்தான் போகிறது. மூன்றிலும் சத்தம், நான்கில் அமைதி என்றால் கவுண்டர் ஷாஃப்ட்டின் பேரிங்கோ பற்களோ போய்க்கொண்டிருக்கின்றன.

நான்கிலும் ஒரே மாதிரி ஊளை இருந்தால் பாக்ஸை விட்டுவிட்டுப் பின்னால் போங்கள்; புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட், அதற்கும் பின்னால் கிரௌன் பினியன் (பின் ஆக்ஸிலில் சக்கரங்களுக்குச் சக்தியைத் திருப்பிவிடும் பற்சக்கர ஜோடி). ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஒரு சுருதி, விடும்போது வேறு சுருதி என்றால் அநேகமாக கிரௌன்தான். நியூட்ரலில் நிற்கும்போது சத்தம் வந்து, கிளட்சை அழுத்தியதும் நின்றால் பாக்ஸின் முன் பேரிங் அல்லது கவுண்டர் ஷாஃப்ட். அழுத்தும்போது மட்டும் வந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். வண்டியைப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஆயில் சூடாக இருக்கும்போதே சுத்தமான தட்டில் இறக்கி, வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். பிறகு துணிக்கு அடியில் ஒரு காந்தத்தை நகர்த்துங்கள். சாம்பல் நிறப் பசை ஒட்டினால் அது சாதாரணத் தேய்மானம், வயதுக்கு வந்தது. ஆயிலில் தங்கப்பொடி தூவியதுபோல மினுக்கம் தெரிந்து, அது காந்தத்துக்கு வராவிட்டால் பித்தளை: சின்க்ரோ ரிங் அல்லது வெண்கல வாஷர். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நெல் உமிபோல மெல்லிய இரும்புச் செதில்கள் வந்தால், பேரிங் ஓடும் பாதையின் கடினமான மேல்தோல் உரிகிறது என்று அர்த்தம். ஊசி போன்ற துண்டோ பல்லின் மூலையோ கிடைத்தால் அன்றோடு வண்டியை நிறுத்திவிடுங்கள்.

ரிங் தேய்ந்தால் ரிங்தான் போகும். கவுண்டர் ஷாஃப்ட் தேய்ந்தால் அந்தச் செதில் ஆயிலோடு சுற்றி நல்ல பேரிங்குகளையும் தின்னும். ஷாஃப்ட் ஆட ஆடக் கியர்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் பல்லின் நுனியில் மட்டும் கடிக்கும், அப்புறம் பல்லும் போகும். இன்று ஒரு ஷாஃப்ட், சில பேரிங்கோடு முடிகிற வேலை, ஒரு வருஷம் கழித்து முழுக் கியர்க் கொத்தாக (கவுண்டர் ஷாஃப்ட்டில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கியர்களின் தொகுதி) வந்து நிற்கும். பத்மினிக்கு அந்தக் கொத்தைப் புதிதாகத் தேடுவது எத்தனை பாடு என்பது தேடியவர்களுக்குத் தெரியும்.

ஏற்காடு மலையில் இறங்கும்போது மூன்றாவது கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ஏறும்போது ஒன்றும் இல்லை. அம்பாசடர், ஸ்டியரிங்கில் கியர்.
– வாசகர், சேலம்

முதலில், இது சரியாகும்வரை மலைப்பக்கம் போக வேண்டாம். எஞ்சின் பிடிமானம் திடீரென்று விட்டால் பாரம் முழுவதும் பிரேக்கில் விழும்.

இறங்கும்போது சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது. கியர்ப் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை என்பதால், ஏறும்போது ஒரு பக்கம் தள்ளும் விசை இறங்கும்போது எதிர்ப்பக்கம் தள்ளும். உள்ளே முன்பின் ஆட்டம் இருந்தால் கியர் அந்தத் தள்ளலில் வெளியே நடந்து வந்துவிடும்.

செலவு குறைந்ததிலிருந்து பாருங்கள். எஞ்சின், பாக்ஸ் மவுண்ட் ரப்பர்கள் உப்பியோ கிழிந்தோ இருந்தால் ஆக்சிலேட்டரை விட்டதும் பாக்ஸே அசைந்து கியர்க் கம்பியை இழுக்கும். அடுத்து, ஸ்டியரிங்கிலிருந்து கீழே வரும் கம்பிகளின் புஷ்கள். இவை தேய்ந்தால் லீவர் முழுதாகப் போனதுபோலக் கைக்குத் தெரியும், உள்ளே முக்கால்தான் போயிருக்கும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்), எஞ்சினை நிறுத்தி, கம்பியைப் பாக்ஸ் பக்கத்தில் கழற்றிவிட்டு, பாக்ஸில் இருக்கும் குட்டி லீவரைக் கையால் தள்ளிப் பாருங்கள். “டக்”கென்று உட்கார்ந்து, அதற்கு மேல் இடமில்லாமல் நின்றால் உள்ளே சரி. கம்பியை மாட்டியபின் அதே இடம்வரை போகிறதா என்று ஒப்பிடுங்கள். போகவில்லையென்றால் புஷ்ஷை மாற்றி, கம்பியின் நீளத்தைச் சரிசெய்தால் முடிந்தது.

அதிலும் தீராவிட்டால் பாக்ஸுக்குள் கியரை நகர்த்தும் செலக்டர் கம்பியைப் பிடித்து நிறுத்தும் உருண்டையும் ஸ்பிரிங்கும். மூன்று ஸ்பிரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்தால் சோர்ந்தது குட்டையாகத் தெரியும். மூன்றையும் மாற்றுங்கள். இதுவும் இல்லையென்றால்தான் பாக்ஸைப் பிரிக்க வேண்டும்: ஃபோர்க் (கியரைத் தள்ளும் கவை) தேய்வு, மெயின் ஷாஃப்ட் பேரிங் ஆட்டம், அல்லது பூட்டும் குட்டிப் பற்களின் முனை உருண்டு போயிருப்பது. உருண்ட பல்லைக் கிரைண்டரில் கூராக்கித் தருவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடினத் தோல் மெல்லியது. அதைத் தாண்டிச் சீவினால் சில மாதத்தில் பழைய கதை திரும்பும்.

கியர் கழலாமலிருக்க லீவரைக் கையால் பிடித்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. அது ஃபோர்க்கைத் தேய்க்கும்.

1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. பாக்ஸைப் பிரித்தாகிவிட்டது. ரிங் மட்டும் மாற்றி மூடிவிடலாமா, எல்லாம் மாற்ற வேண்டுமா? என்ன என்ன பார்க்க வேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

சென்னையிலேயே பிறந்த வண்டி. அதுவும் பாக்ஸ் வேலைக்கு இத்தனை வசதியான வண்டி அபூர்வம். எஞ்சினைத் தொடாமல் முன் சீட், கார்ப்பெட், நடுமூடி எடுத்துவிட்டால் பாக்ஸ் வண்டிக்குள்ளேயே கைக்கு வந்துவிடும். அதனால் “ஒருமுறை இறக்கியாச்சு, இனி இறக்கவே கூடாது” என்ற பயத்தில் நல்ல பாகங்களையும் மாற்ற வேண்டியதில்லை.

மாற்றியே ஆக வேண்டியவை: எல்லாப் பேரிங்குகளும், கேஸ்கெட்டுகளும், பூட்டுத் தகடுகளும். மற்றவற்றை அளந்து முடிவு செய்யுங்கள்.

ரிங்: கியரின் கூம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் திருப்புங்கள். கடித்துப் பிடிக்க வேண்டும். வழுக்கினால் போயிற்று. அழுத்திய நிலையில் ரிங்குக்கும் கியரின் குட்டிப் பற்களுக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) மூன்று இடத்தில் பாருங்கள். இந்த வகைப் பாக்ஸுகளில் புதிது ஏறக்குறைய 1 மி.மீ. காட்டும்; அரை மி.மீ.க்குக் கீழே போனதைத் திரும்பப் போடாதீர்கள். ரிங்கின் உள்பக்கம் மெல்லிய மரை ஓடும். அதன் முகடு கூராக இருந்தால்தான் ஆயில் படலத்தைக் கிழித்துப் பிடிக்கும். கண்ணாடிபோலத் தட்டையாகப் பளபளத்தால் அளவு சரியாக இருந்தாலும் பயனில்லை.

கவுண்டர் ஷாஃப்ட்: துடைத்துவிட்டு, ஊசிப் பேரிங் (ஊசிபோன்ற மெல்லிய உருளைகள்) ஓடிய இரண்டு முனையிலும் நகத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். நகம் தட்டினால், புள்ளிப்புள்ளியாகக் குழி தெரிந்தால், ஷாஃப்ட்டும் ஊசிகளும் சேர்ந்து புதிதாக வேண்டும். கொத்தின் உட்துளையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கேயும் குழி இருந்தால் இந்தப் பாக்ஸைச் சீர்செய்யும் கணக்கு மாறுகிறது. நல்ல கொத்துள்ள இன்னொரு பாக்ஸைத் தேடி, இரண்டிலிருந்து ஒன்று தேற்றுவதே லாபம். முழு ஓவர்ஹாலா, மாற்றுப் பாக்ஸா என்பதைப் பெரும்பாலும் இந்த உட்துளைதான் முடிவு செய்கிறது.

பேரிங் வாங்கும்போது வெளிவளையத்தில் உள்ள எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். பிரிட்டிஷ் வடிவமைப்பில் இஞ்ச் அளவு வரலாம். 6205 என்ற பேரிங்கின் துளை 25 மி.மீ., ஒரு இஞ்ச் 25.4 மி.மீ.; “கிட்டத்தட்ட ஒன்றுதான்” என்று கடைக்காரர் கொடுத்தால் அது ஷாஃப்ட்டில் ஏறாது. வெளிவளையத்தில் கிளிப் உட்காரும் பள்ளம் இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும் அழுத்துங்கள். வெளிவளையத்தில் சுத்தியல் பட்டால் அடி உருண்டைகள் வழியாகப் போய்ப் பாதையில் பள்ளம் விழும்; புதுப் பேரிங் முதல் நாளே பாடும். பேரிங் உட்காரும் பாக்ஸ் உறையை 100 டிகிரிக்குப் பக்கம் சூடாக்கினால் சுத்தியலுக்கே வேலை இருக்காது. கொதிக்கும் நீரே போதும், பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள்.

மூட்டும்போது சிக்கல் செய்வது ஊசிகள். கழற்றும்போதே எண்ணியிருக்க வேண்டும். இரு முனையையும் தனித்தனியாக எண்ணி எழுதுங்கள். கிரீஸில் ஒட்டவைத்து, கவுண்டர் ஷாஃப்ட்டின் தடிமனில், கொத்தின் நீளத்துக்கு லேத்தில் கடைந்த ஒரு போலிக் கம்பியை உள்ளே விடுங்கள். கொத்தைப் பாக்ஸின் அடியில் கிடத்தி, மெயின் ஷாஃப்ட்டும் முன் ஷாஃப்ட்டும் ஏறிய பிறகு தூக்கி, நிஜ ஷாஃப்ட்டால் போலிக் கம்பியைத் தள்ளி வெளியேற்றுங்கள். ஒரு ஊசி விழுந்தாலும் சத்தம் கேட்கும். கேட்டால் நிறுத்துங்கள், “ஒன்றுதானே” என்று மூடினால் அது கியருக்குள்தான் போகும். கொத்தின் இரு பக்க வெண்கல வாஷர்களோடு முன்பின் ஆட்டத்தை ஃபீலர் கேஜில் பார்த்து, மேனுவல் அளவுக்கு வருமாறு வாஷர் தடிமனைத் தேர்ந்தெடுங்கள்.

சின்க்ரோ ஹப்பைப் பாலிதீன் பைக்குள் வைத்தே பிரியுங்கள். உள்ளே ஸ்பிரிங்கும் உருண்டையும் தெறித்தால் ஒர்க்‌ஷாப் முழுக்கத் தவழ வேண்டும். ஹப்பும் மேல்வளையமும் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று மார்க்கரில் குறியுங்கள். மேல்மூடி போடுமுன் செலக்டர் கம்பிகளுக்கிடையே இருக்கும் பூட்டுத் துண்டுகள் இடத்தில் இருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். அவை இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழும், பாக்ஸ் பூட்டிக்கொள்ளும்.

சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளி அப்பாதீர்கள். பிதுங்கிய மிச்சம் உள்ளே உதிர்ந்து ஆயில் வழியை அடைக்கும். கேஸ்கெட் தாளின் தடிமனும் பழையதுபோலவே இருக்கட்டும். சில மூடிகளில் பேரிங்கை அழுத்திப் பிடிப்பதே அந்தத் தடிமன்தான். வண்டியில் ஏற்றும்போது பாக்ஸின் எடையை ஒரு கணம்கூடக் கிளட்ச் தட்டில் தொங்கவிடாதீர்கள், தட்டின் நடு வளையும். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிடுங்கள். ஆயில் அளவு வெறும் 0.85 லிட்டர்தான், கஞ்சத்தனம் வேண்டாம்.

மழை வெள்ளத்தில் வண்டி இரண்டு நாள் நின்றது. ஆயில் மோர் நிறத்தில் இருக்கிறது. பாக்ஸ் போய்விட்டதா?
– வாசகர், வேளச்சேரி

இன்னும் போகவில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்றே ஆயிலை இறக்கி, ஒரு லிட்டர் டீசலும் விலை குறைந்த எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, பின்சக்கரங்களைத் தூக்கி, டாப் கியரில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள் (ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் எளிது). இறக்கிவிட்டு, இந்த முறை வெறும் எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடியும் சுற்றுங்கள். மோர் நிறம் மாறும்வரை இப்படி. பிறகு சரியான ஆயில் ஊற்றி 50 கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் மாற்றுங்கள். பேரிங் உருண்டை நின்ற இடத்தில் துருப்பிடித்திருந்தால் சில நூறு கிலோமீட்டரில் பேரிங் முனக ஆரம்பிக்கும். அப்போது பிரித்தால் போதும். கிரௌன் ஹவுசிங்கையும் மறக்காதீர்கள், அங்கேயும் தண்ணீர் இருக்கும்.

புதுப்பேட்டையில் பழைய பாக்ஸ் கிடைக்கிறது. வாங்கலாமா? அல்லது பழைய அம்பாசடரில் இசுசு ஐந்து கியர் பாக்ஸ் மாட்டுவது நல்லதா?
– வாசகர், திருவள்ளூர்

பழைய பாக்ஸை மேல்மூடி திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்க மறுத்தால் அடுத்த கடை. பற்களின் முனை, முதல் கியரின் விளிம்பு, அடியில் படிந்த பசை. முன் ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள்: சிறு அசைவு இயல்பு, கடகடத்தால் வேண்டாம். ஒவ்வொரு கியராகப் போட்டு ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தடை தட்டினால் அங்கே பல்லில் காயம். தண்ணீர்போல மெல்லிய புது ஆயில் இருந்தால் சந்தேகப்படுங்கள். கெட்டியான ஆயில் ஊற்றிச் சத்தத்தை மறைப்பதும் பழைய வித்தை. அப்படி வாங்கிய பாக்ஸையும் மாட்டுமுன் பேரிங், கேஸ்கெட் மாற்றுங்கள். வண்டியில் மாட்டித்தான் சோதிப்பேன் என்றால் கூலி இரண்டு முறை.

இசுசு பாக்ஸ் பிற்கால அம்பாசடரின் 1.8 லிட்டர் இசுசு எஞ்சினோடு வந்தது. பழைய எஞ்சினோடு மாட்ட அடாப்டர் தட்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டிச் சமன் செய்தல், கிராஸ் மெம்பர் (பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), தரையில் கியருக்காக ஓட்டை என்று வேலை நீளும். தினசரி நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு ஐந்தாவது கியர் சுகம்தான். ஆனால் வண்டி 50 வயதைத் தாண்டியதென்றால் யோசியுங்கள்: 2021 விதிப்படி விண்டேஜ் பதிவுக்குச் சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். பாக்ஸ் என்ற சொல் அதில் இல்லைதான். ஆனால் தரையை வெட்டிய பிறகு “அசல்” என்று வாதாடுவது உங்கள் பாடு.

கியர் பாக்ஸுக்கு எந்த ஆயில்? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகர், நாகர்கோவில்

மேனுவல் சொல்வதுதான். பழைய பிரிட்டிஷ் எம்.ஜி. கார்களில் இருந்த பி-சீரிஸ் பாக்ஸுகளுக்கு எஞ்சின் ஆயிலையே ஊற்றச் சொல்லியிருந்தார்கள். ஹெரால்டுக்குக் கியர் ஆயில். கியர் ஆயில் கேட்கும் பாக்ஸுக்கு டப்பாவில் ஜி.எல்.-4 என்ற தரக்குறி இருக்கிறதா பாருங்கள். கிரௌனுக்கான ஜி.எல்.-5 ஆயிலை இதில் ஊற்றுவதுதான் இன்று நடக்கும் பெரிய தப்பு. அதில் கந்தகச் சேர்மானம் அதிகம். சில வகைகள் பித்தளையை அரிக்கும். அரிக்காதவையும் அதிக வழுக்கலால் சின்க்ரோவைப் பிடிக்க விடாது. புது ரிங் போட்டும் கரகரக்கிறது என்று வரும் வண்டிகளில் முதலில் ஆயில் டப்பாவைத்தான் கேட்க வேண்டும். அளவு: சமதரையில் நிறுத்தி, பக்கத்து ஓட்டையில் வழியத் தொடங்கும்வரை. கசிகிறது என்று கூடுதலாக ஊற்றினால் கசிவு கூடும்.

ஊரில் நிற்கும் வண்டியை 120 கிலோமீட்டர் கயிறு கட்டி இழுத்து வரலாமா? நியூட்ரலில்தானே இருக்கும்?
– வாசகர், அறந்தாங்கி

வேண்டாம். நியூட்ரலில் சக்கரம் மெயின் ஷாஃப்ட்டைச் சுற்றும். கவுண்டர் ஷாஃப்ட் சுற்றாது. அடியில் கிடக்கும் ஆயிலை மேலே வாரி இறைப்பதே கவுண்டர் ஷாஃப்ட்டின் பற்கள்தான். மெயின் ஷாஃப்ட்டின் புஷ்கள் ஆயில் இல்லாமல் காய்ந்து ஓடும். மினிலாரியில் ஏற்றி வாருங்கள். அதற்கு வழியில்லையென்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் பின்முனையில் நான்கு போல்ட்டைக் கழற்றி, ஷாஃப்ட்டைக் கம்பியால் கட்டித் தூக்கி வைத்துவிட்டு இழுங்கள். முன்முனை பாக்ஸுக்குள் சொருகும் வகையானால் அதை உருவிவிடாதீர்கள், ஆயில் முழுவதும் ரோட்டில் கொட்டிவிடும்.